மாற்றமில்லை என்று எழுதிய பன்னிரண்டு நாட்கள்

யாராவது "சின்ன விஷயம்தானே" என்று சொன்னால் எனக்கு இப்போதும் கை குளிர்ந்துவிடும். பெரிய விஷயங்களுக்கு நான் அவ்வளவு பயந்தவனல்ல. கூரை பறந்த காற்றிலும், ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்த வருடத்திலும் நான் நிதானமாகவே இருந்ததாக என் மனைவியே சொல்லியிருக்கிறாள், அவள் என்னைச் சும்மா புகழ்கிறவள் அல்ல. என் பயமெல்லாம் சின்னதுக்குத்தான். அது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரர் காலத்தில், இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன்னால் நான் படுவான்கரையில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் உதவி ஆசிரியராக இருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை அது. பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் தோணியில் ஏற வேண்டும். எங்கள் பக்க வழக்கப்படி கலியாணம் முடித்ததும் நான் மனைவி வீட்டுக்கு வந்து குடியேறினேன். வீடு அவளுடையது. வயலும் அவளுடையது. வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளியின் கீழ்ப்பாதி, வாவியோடு சேர்ந்த துண்டு, அவளுடைய அக்காவுக்குச் சீதனமாகப் போயிருந்தது, மேற்பாதி இவளுக்கு. என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் சில கணக்குப் புத்தகங்களும்தான்.

ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்பதால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. துறைக்குச் சற்று அப்பால், இடுப்பளவு தண்ணீரில், பட்டணத்து அரசாங்க அலுவலகமான கந்தோரின் ஆட்கள் ஒரு மரக்கம்பத்தை நட்டிருந்தார்கள். அதில் அடிக்கணக்கும் அங்குலக்கணக்கும் வெள்ளை மையால் எழுதியிருக்கும். தினமும் காலையில் நான் போய்த் தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை பட்டணத்துக் கந்தோருக்கு அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். மூன்றரை அடிக்கு வந்தால் உடனே தந்தி. தந்தி கிடைத்ததும் அவர்கள் ஆட்களைத் திரட்டி ஆற்றுவாயை வெட்டுவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குள் இறங்கும், கரையோர வயல்கள் தப்பும். தேவையில்லாமல் முந்தி வெட்டினால் மழை ஓய்ந்ததும் கடல்நீர் உள்ளே வந்து எல்லாம் உப்பாகிவிடும். ஆகவே அந்தக் கம்பத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

கம்பம் அப்போது கிழடு. மூன்றடிக்கும் நாலடிக்கும் நடுவிலிருந்த அங்குலக் கோடுகளைச் சிப்பியும் பாசியும் தின்றுவிட்டன. மூன்று என்ற இலக்கம் தண்ணீருக்கடியில் மங்கலாகத் தெரியும், நாலு என்ற இலக்கம் மேலே பளிச்சென்று நிற்கும். நடுவில் வெறும் மரம். நான் முறைப்படி எழுதி அறிவித்தேன். அடுத்த கோடையில் புது மை பூசப்படும் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் மதிப்பாகப் பார்த்து எழுதும்படியும் அதில் இருந்தது.

மதிப்பாகப் பார்ப்பது என்றால் என்ன? தண்ணீர் ஒரு நிமிடமும் சும்மா நிற்காது. சிற்றலை ஒன்று வந்து ஒரு அங்குலம் ஏறும், உடனே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவை நான் கண்ணால் பிடிக்க வேண்டும். நேற்று மூன்றடி நாலு அங்குலம் என்று எழுதியிருக்கிறேன். இன்று பார்த்தால் நேற்றுப்போலத்தான் தெரிகிறது. வித்தியாசம் இருந்தாலும் அலையை விடச் சின்னதாகத்தான் இருக்கும். ஆகவே "மாற்றமில்லை." மறுநாளும் நேற்றுப்போலத்தான். "மாற்றமில்லை." என் கையெழுத்து அழகானது, ஒன்றின்கீழ் ஒன்றாக அந்தச் சொல் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்கு இதமாகக்கூட இருக்கும்.

இதே நாட்களில் நான் சீமையில் திருத்துகிற ஒரு பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தேன். அதில் நுண்கணிதம் என்று ஒரு பாடம். சொல்லித்தர ஆளில்லை. புத்தகம் ஒன்று, நான் ஒருவன், விறாந்தையில் ஒரு மேசை. முதல் மூன்று அத்தியாயங்களுக்குள்ளேயே எனக்குத் தூக்கம் கெட்டது. காரணம் கணக்குக் கஷ்டமென்பதல்ல. கணக்கில் நேர்மை இல்லை என்று எனக்குப் பட்டது.

விஷயம் இவ்வளவுதான். சதுரமான ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இரண்டு பக்கத்து வரம்பை மட்டும் ஒரு சாண் தள்ளி வைக்கிறீர்கள். எவ்வளவு நிலம் கூடியது? வரம்பு நீளத்துக்கு ஒரு துண்டு, மற்ற வரம்பு நீளத்துக்கு இன்னொரு துண்டு, இரண்டும் சந்திக்கிற மூலையில் சாணுக்குச் சாண் ஒரு சின்னச் சதுரம். இனிச் சாணை விரலாகக் குறையுங்கள், விரலை நூலாகக் குறையுங்கள். துண்டுகள் மெலியும். மூலைச் சதுரமோ அவற்றைவிட வேகமாக ஒன்றுமில்லாமல் போகும். அப்போது மூலையை விட்டுவிடலாம் என்கிறது புத்தகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூலளவால் வகுக்கும்போது அது பூச்சியமல்ல என்று சத்தியம் செய்கிறார்கள், ஏனென்றால் பூச்சியத்தால் வகுக்கக்கூடாது. வகுத்து முடிந்ததும் அது இல்லாத மாதிரித்தான் என்று துடைத்துவிடுகிறார்கள். பந்திக்கு அழைக்கும்போது ஊரில் இருக்கிறவன், சிரமதானத்துக்கு அழைக்கும்போது ஊரில் இல்லாதவன் மாதிரி. இருக்கிறதா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கட்டுமே!

நான் இதைப் பற்றி மேசையோடு சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது, எழுதுறீங்க, மறுகா அழிக்கிறீங்க?"

சொன்னேன். சுளகைத் தட்டிவிட்டு அவள் யோசித்தாள். "இருக்கிறத ஏன் அழிக்கிறீங்க? சின்னதெண்டா சின்னதா எழுதி வைக்கலாமே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்காதவள், என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன், அழிக்கவில்லை.

அந்த வருடம் மார்கழியில் ஆற்றுவாய் தானாகவே உடைந்து, தண்ணீர் இறங்கி, பிறகு மணல் அடித்து மூடிக்கொண்டது. தை பிறந்தால் வானம் வெளிக்கும் என்று எல்லோரும் இருந்தார்கள். வெளிக்கவில்லை. தூறலும் வெயிலும் மாறி மாறி வந்தன. முந்தி விதைத்த வயல்கள் விளைந்து சாய்ந்துவிட்டன. அறுப்புக்காரர்கள் முறைவைத்து வட்டை வட்டையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருகிற நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், காத்திருக்க வேண்டும். அதற்குள் நெல் கொட்டிவிடும்.

எங்கள் பக்கத்தில் நெல்லை அறுத்த உடனே கட்டித் தூக்குவதில்லை. அறுத்த கதிரைப் பிடி பிடியாக, உப்பட்டி உப்பட்டியாக வயலிலேயே பரப்பி, மூன்று நாள் வெயில் காட்டி, பிறகுதான் நெல் மிதிக்கிற களமான களவெட்டிக்குக் கொண்டுபோய்க் கதிர்ப்போராகச் சூடு வைப்பது. நிற்கிற பயிருக்குக் காலளவு தண்ணீர் வந்தாலும் பெரிய சேதமில்லை. தரையில் கிடக்கிற உப்பட்டிக்கு அரை அங்குலத் தண்ணீர் போதும். ஒரு பகல் நனைந்தால் முளைத்துவிடும்.

ஆகவே காலையில் நான் கம்பத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியில், வாவியை ஆறு என்றே சொல்லிப் பழகிய ஆட்கள் கேட்பார்கள். "மாஸ்டர், ஆத்துத் தண்ணி எப்பிடி?" நான் மாற்றமில்லை என்பேன். அதை நம்பி அவர்கள் அறுப்பார்கள். நான் மதிக்கப்படுகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கொடுக்கிற சொல்லுக்கு அடியில் ஒரு குடும்பத்தின் சோறு கிடக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மாற்றமில்லை என்று எழுதத் தொடங்கி ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவள் சொன்னாள்: "தண்ணி ஏறுது."

"கம்பத்தில ஏறல்ல."

"கம்பத்த எனக்குத் தெரியாது. நான் கம்பு குத்தி வெச்சிருக்கன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் தண்ணி நிக்கிற இடத்தில ஒரு கம்பு. முதல் குத்தின கம்பு இப்ப தண்ணிக்க நிக்குது. வந்து பாருங்களன்."

அக்காவின் வயலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு புல்தரை உண்டு, தட்டையாக, மாடு மேய்கிற இடம். அங்கேதான் குத்தியிருந்தாள். நான் போகவில்லை. காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளும், புல்தரை மழையில் அமிழும், கரையோரம் ஒரு அளவே அல்ல என்று விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்வதில் எனக்குக் குறைவில்லை. அவள், "அப்ப நான் குத்தின கம்பெல்லாம் பொய்யா?" என்றாள். பொய் என்று நான் சொல்லவில்லை, பிழையாக இருக்கலாம் என்றேன். மறுநாளும் அவள் கம்பு குத்தப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். எனக்குப் படிப்பு ஓடவில்லை. ஏதோ ஒன்று உள்ளே பிறாண்டிக்கொண்டே இருந்தது. யாருக்கும் சொல்லாமல் புல்தரைக்குப் போனேன்.

பன்னிரண்டு கம்புகள். எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டிய சின்னக் கிளாக்கம்புகள், கரையிலிருந்து தண்ணீருக்குள் நேர்வரிசையாக. கடைசிக் கம்பு என் காலடியில், ஈர மண்ணில். முதற்கம்பு தண்ணீருக்குள் இருபது முழத்துக்கு அப்பால், மூன்று அங்குல ஆழத்தில், நுனி மட்டும் தெரிய. பக்கத்துப் பக்கத்துக் கம்புகளைப் பார்த்தால் இடைவெளி இரண்டு முழமும் இல்லை. முதற்கம்பையும் கடைசிக் கம்பையும் பார்த்தால் ஒரு வீட்டு நீளம்.

நான் அங்கேயே குந்தியிருந்து கணக்குப் போட்டேன். தட்டையான தரை, தண்ணீர் கால் அங்குலம் உயர்ந்தால் கரை இரண்டு முழம் உள்ளே வரும். சின்ன உயர்வு, அதற்கு ஒரு சின்ன நகர்வு, ஒன்றுக்கு ஒன்று என்ன விகிதம் என்பதுதானே மூன்று மாதமாக நான் விறாந்தையில் கட்டிப் புரளும் பாடம். என் மனைவி அதைக் கம்பால் எழுதி வைத்திருந்தாள். நாளுக்குக் கால் அங்குலம். பன்னிரண்டு நாளுக்கு மூன்று அங்குலம். நான் தினமும் நேற்றோடு ஒப்பிட்டேன், அவள் முதல் நாளோடு ஒப்பிட்டாள். மூலைச் சதுரத்தை எறிவதாக நினைத்துக்கொண்டு நான் எறிந்தது வரம்பு நீளத்துத் துண்டுகளை. எத்தனை தரம் சேர்த்தாலும் ஒன்றுமாகாத சின்னது வேறு, சேர்ந்துகொண்டே போகிற சின்னது வேறு. புத்தகம் அந்த வித்தியாசத்தை முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான்தான் புத்தகத்தோடு சண்டை பிடிக்கிற மும்முரத்தில் அதைக் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் அடிமட்டத்தை, அங்குலம் போட்ட அந்த அளவுகோலை, எடுத்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டித் தண்ணீருக்குள் இறங்கினேன். நாலு என்ற இலக்கத்திலிருந்து கீழ்நோக்கி அளந்தேன். ஐந்து அங்குலம். மூன்று தரம் அளந்தேன், ஐந்துதான். அதாவது மூன்றடி ஏழு. மூன்றரை அடி போய் நாலு நாளாகிவிட்டது. இப்படி மேலிருந்து அளக்கலாம் என்பது பன்னிரண்டு நாளும் எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அடிமட்டம் என் பெட்டிக்குள்தான் கிடந்தது.

அந்த நேரமே தோணி பிடித்திருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திராது. பின்னேரத்துக்குள் பட்டணம் போய்க் கந்தோர்த் துரையின் வீட்டுக் கதவைத் தட்டி, பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், ஈர வேட்டியோடு மேசையில் இருந்து கொப்பியைத் திறந்து அந்தப் பன்னிரண்டு வரிகளைப் பார்த்தேன்.

இன்று காலைவரை மூன்றடி நாலு, மாற்றமில்லை. இப்போது மூன்றடி ஏழு. ஒரே நாளில் மூன்று அங்குலம் துள்ளினால் யாரும் கேட்பார்கள். வாசிக்காமலே எழுதினாயா என்பார்கள். பரீட்சை விண்ணப்பத்தோடு பாடசாலை முகாமையாளரின் நன்னடத்தைக் கடிதம் போக வேண்டும்; விண்ணப்பம் அனுப்ப ஒரு மாதம்தான் இருந்தது. பொறுப்பில்லாதவன் என்று ஒரு சொல் பட்டணத்திலிருந்து வந்தால் கடிதம் இல்லை, பரீட்சை இல்லை, இந்த விறாந்தையை விட்டு நான் ஒருநாளும் எழும்பப் போவதில்லை.  அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. துள்ள வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். நாளைக்கு அரை அங்குலம், நாளை மறுநாள் அரை அங்குலம், புதன் அரை, வியாழக்கிழமை மூன்றரை அடி தொட்டுவிடும், அன்றைக்கே தந்தி. எந்த நாளைப் பார்த்தாலும் சந்தேகப்பட ஒன்றும் இராது. நான் படித்த பாடம் எனக்கு அந்த நேரத்தில் அதற்குத்தான் உதவியது.

பின்னேரம் என் மனைவியும் அக்காவும் சேர்ந்தே வந்தார்கள். அக்காவுக்குப் புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். மூன்று பிள்ளைகள். அந்தக் கீழ்வயலில் விளைவதுதான் நாலு வயிற்றுக்கும் வருடச் சோறு. திங்கட்கிழமை அவளுக்கு அறுப்புமுறை, செவ்வாய்க்கிழமை எங்களுக்கு.

"தம்பி, நாளைக்கு ஆக்கள் வாறாங்க. அறுத்துப் போடலாமா? தண்ணி எப்பிடி?"

என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "அக்கா, நான் சொன்னனே, கம்பு..."

"நீ சும்மா இரு புள்ள. தம்பி படிச்ச மனிசன், அவர் சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வேட்டி இன்னும் காயவில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அரை அங்குலந்தான் ஏறியிருக்கு, மச்சாள்," என்றேன். நாளைக்குக் கொப்பியில் எழுத இருந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஒண்டும் ஆகாது?"

"அரை அங்குலத்துக்கு என்ன ஆகப்போகுது."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆறுதலாக மூச்சு விட்டு, அறுப்புக்காரருக்குச் சோறு சமைக்கப் பெரிய பானை வேண்டுமென்று என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசற் படலையைத் தாண்டும்வரை நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கூப்பிட ஒரு சொல் போதும். கூப்பிடவில்லை.

அவள் போன பிறகு என் மனைவியிடம், நம்முடைய நெல் இன்னும் கொஞ்சம் முத்தட்டும், செவ்வாய் வேண்டாம், அடுத்த முறைக்கு வரச்சொல் என்றேன். நெல்லையும் கோரையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் முற்றுவதைப் பற்றிப் பேசுகிறேனே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளே பயம் இருந்தது. ஓம் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கொப்பியில் அரை அங்குலம் கூட்டி எழுதினேன். அன்று முழுக்க வெயில் எரித்தது. பாடசாலை யன்னலால் பார்த்தால் கீழ்வயலில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து முன்னேறுவது தெரிந்தது. பின்னேரத்துக்குள் வயல் முழுவதும் உப்பட்டி. செவ்வாயும் வெயில். அரை அங்குலம். பிள்ளைகளுக்கு நான் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. மணிக்கு ஒருமுறை யன்னலடிக்கு வந்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் வெயில் கிடைத்தால் அவர்கள் அள்ளிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது, நான் தந்தி அடிப்பேன். கடவுளிடம் ஒரு நாள் கேட்டேன். கேட்கும்போதும் கணக்காகத்தான் கேட்டேன்.

புதன்கிழமை விடியக் கீழ்ப்பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

வாவிப்பக்கத்து வரம்பு எருமை மிதித்துத் தாழ்ந்திருந்த இடத்தால் தண்ணீர் மேவி உள்ளே வந்திருந்தது. வெள்ளம் ஒன்றும் இல்லை, சத்தம்கூட இல்லை. கண்ணாடித் தகடு போல வயல் முழுக்கப் பரவி நின்றது. குழந்தைகூட நடந்து போகலாம், அவ்வளவுதான் ஆழம். அதற்குள் உப்பட்டிகள் எல்லாம் மெதுவாக நனைந்து கிடந்தன. அக்காவும் மூன்று பிள்ளைகளும் கையால் அள்ளி அள்ளி மேட்டுக்கு ஓடினார்கள். ஊர் முழுக்க இறங்கியது. நானும் இறங்கினேன். ஈரக் கதிர் கட்டு இரும்பு போல் கனக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கால்வாசிகூட மேடேறவில்லை.

பத்து மணிக்கு நான் தோணியில் ஏறினேன். துரையின் முன்னால் கொப்பியை வைத்து, கம்பம் மங்கியிருந்தது, நான் பிழையாக வாசித்துவிட்டேன், தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டது என்றேன். அவர் வரிகளை விரலால் ஓட்டிப் பார்த்தார். கோடையில் மை பூசுவதாகத் தாங்களே எழுதிய கடிதம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உன்மேல் குற்றமில்லை, கம்பம் அப்படி என்று சொல்லிவிட்டு ஆட்களை அனுப்ப மணியடித்தார். கடைசி இரண்டு வரிகளில் இருந்த அரை அங்குலங்களை அவர் விரல் தொட்டுக்கொண்டுதான் போனது. நிற்கவில்லை. மறுநாள் ஆற்றுவாய் வெட்டினார்கள். தண்ணீர் இறங்கியது. எனக்கு நன்னடத்தைக் கடிதமும் கிடைத்தது.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "ஆத்துத் தண்ணிக்கு ஆர் என்ன செய்யிற" என்று அக்காவே நாலு பேரிடம் சொன்னாளாம். மேட்டில் குவித்த நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியது. அவள் அதை மாட்டுக்குப் போட்டாள்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் மேல்வயலை அறுத்தார்கள். கொஞ்சம் கொட்டியிருந்தும் நல்ல விளைச்சல். சூடு மிதிக்கிற நாள் அக்கா உதவிக்கு வந்திருந்தாள். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தங்கச்சி வயல் நெல்லைத் தூற்றிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் என்னிடம் சிரித்தாள்: "தம்பி, உங்களுக்கெண்டாலும் கடவுள் கண் திறந்திட்டார்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"மச்சாள், அண்டைக்கு நான் அரை அங்குலமெண்டு சொன்னது பொய். மூண்டு அங்குலம் ஏறியிருந்தது. எனக்குத் தெரியும். கொப்பிக்குப் பயந்து சொல்லாமல் விட்டன்."

அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நான் நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் களவெட்டியில் குவிந்து கிடந்த எங்கள் நெல்லைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப உங்கட வயல அண்டைக்கு ஏன் தம்பி அறுக்கல்ல?"

 அக்காவுக்குப் பின்னால் என் மனைவி நின்றாள். நெல்லு முத்தட்டும் என்று நான் சொன்னது அவள் முகத்தில் திரும்பி வருவதை நான் கண்ணால் கண்டேன்.  குனிந்து சாக்கை எடுத்தாள், மரக்காலை எடுத்தாள். அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று குவியல் முடியும்வரை அளந்து போட்டாள். வயல் அவளுடையது, என்னிடம் கேட்க வேண்டியதில்லை. அக்கா வேண்டாம் என்று அழுதாள். அவள் அளப்பதை நிறுத்தவில்லை.

பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று கேட்டு ஒரு கேள்வி வந்திருந்தது, நன்றாகவே எழுதினேன். கோடையில் கம்பத்துக்குப் புது மை பூசினார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் நான் அந்தக் கம்பத்தை அடிமட்டம் வைத்துத்தான் வாசித்தேன், காலங்குலமானாலும் எழுதினேன், ஒருநாளும் பிழை விடவில்லை. காலையில் ஊரார் கேட்பார்கள், சொல்வேன், நம்புவார்கள்.

என் மனைவி கேட்பதில்லை. வேறு எல்லாம் என்னோடு பேசுவாள், சிரிப்பாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தோம், நல்லபடியாகவே வாழ்ந்தோம். ஆனால் ஒவ்வொரு தை மாதமும் அறுப்பு நெருங்கும்போது, நான் கொப்பியோடு துறையிலிருந்து திரும்பி வரும் அதே நேரத்தில், அவள் ஒரு கிளாக்கம்பை வெட்டி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் புல்தரைக்குப் போவாள்.